கணக்குப் பரீட்சையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எனக்கு முன்னே பேசிய அறிஞர்கள் இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் பேசிச் செவிக்கு விருந்தளித்தார்கள். அவர்களுக்குப் பின்னே, ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதும் ஒரு குமாஸ்தா, பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிப் படியேறாதவன், கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாயசத்துக்குப் பின் பாகற்காய் பரிமாறியது போலத்தான் உங்களுக்கு இருக்கும். ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. இந்தத் தேவராஜ மொஹல்லாவிலும் இதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வாழும் நம் குடும்பங்களில் பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டில் அடுப்பு எரிகிற ஓசைகூட அடங்கிப் போகிறது. மற்றப் பாடங்களுக்கு அஞ்சுவதில்லை. கணக்குக்கு அஞ்சுகிறார்கள்.

அந்த அச்சத்தின் விளைவை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். ஆறு பாடங்களில் ஐந்தில் தேறி, கணக்கு ஒன்றில் மட்டும் தவறிய பையனைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் மீண்டும் புத்தகத்தைத் தொடவில்லை. பெண்ணாக இருந்தால் பேச்சே வேறு. "படித்தது போதும், தையல் கற்றுக்கொள்ளட்டும்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு தாளில் சில மதிப்பெண் குறைந்ததற்காக ஒரு வாழ்க்கையின் திசையையே மாற்றிவிடுவது எந்த நீதியில் சேரும்? ஆகையால்தான் இந்தப் பாகற்காயை நான் பரிமாறத் துணிந்தேன்.

அன்பர்களே, கணக்கு நம் மரபுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் எண்சுவடியை மனனம் செய்தார்கள். காலில் பாதி அரைக்கால், அதில் பாதி மாகாணி, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி என்று கீழ்வாய் இலக்கத்தை வாய்ப்பாடாகச் சொன்ன பாட்டிமார்கள் இச்சபையிலும் இருக்கக் கூடும். காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' நிலம், நெல், பொன் ஆகியவற்றை அளக்கும் கணக்குகளைச் செய்யுளிலேயே கற்றுத் தந்தது. நாம் வந்து வாழ்கின்ற இந்தக் கன்னட நாட்டுக்கும் அப்படியொரு பெருமை உண்டு. ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மகாவீராசாரியர் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலைச் செய்தார். அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912ஆம் ஆண்டில் சென்னையில் பதிப்பித்து வெளியிட்டவர் பேராசிரியர் எம். ரங்காசாரியார். கன்னட நாட்டுக் கணக்கு நூல் சென்னையில் அச்சேறியது என்பதை இங்குள்ள இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும். அண்டை வீட்டார் செல்வத்தைப் போற்றுவதிலும் ஓர் இன்பம் இருக்கிறது.

அதே 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதியன்று சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவர்தாம் சீனிவாச ராமானுஜன். குமாஸ்தாக்களின் குலத்தில் அவரைப் போல் ஒருவர் பிறந்ததைச் சொல்லும்போது எனக்குச் சிறிது கர்வம் வருவதை நீங்கள் பொறுத்தருள வேண்டும்.

ராமானுஜன் பெயரை நம் மேடைகளில் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகவே பயன்படுத்துகிறோம். கணக்கில் தவறிய பிள்ளையைத் தேற்றுவதற்காக, "ராமானுஜனே பரீட்சையில் தோற்றவர் அல்லவா?" என்கிறோம். இந்த ஆறுதல் எனக்கு உடன்பாடன்று. ராமானுஜன் தோற்றது உண்மை. 1903ஆம் ஆண்டு இறுதியில் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதித் தேறிக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறியதால் அந்த உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906லும் 1907லும் எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வியுற்றார். ஆனால் அவர் தோற்றது மற்றப் பாடங்களில். கணக்கில் அன்று. கணக்கில் தவறிய பிள்ளைக்கு இதில் என்ன ஆறுதல் இருக்கிறது? "அவர் என்னைப் போல் இல்லையே" என்றுதான் அந்தப் பிள்ளை மனத்துக்குள் நினைக்கும். கணக்கில் கெட்டிக்காரனான பிள்ளையோ, "ராமானுஜன் மற்றப் பாடங்களைப் படிக்கவில்லை, நானும் படிக்க வேண்டியதில்லை" என்று துணிந்துவிடும். இரண்டும் கேடு.

ராமானுஜனிடமிருந்து நம் பிள்ளைகள் கற்க வேண்டியவை வேறு. அவர் கணக்கு எங்கே கற்றார்? கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கற்றார். அதனோடு, வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கேட்டுக் கற்றார். லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதி நூலைக் கடன் வாங்கிப் பயின்றார். 1903ஆம் ஆண்டில் கார் என்பவர் எழுதிய 'சினாப்ஸிஸ்' என்ற நூல் அவர் கைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராமானுஜனை ராமானுஜனாக்கிய அந்த நூல் பெரிய ஆராய்ச்சி நூல் அன்று. கேம்பிரிட்ஜ் 'டிரைபாஸ்' பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்த ஒரு டியூஷன் ஆசிரியர் எழுதிய கைநூல்! ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களையும் சூத்திரங்களையும் வரிசையாக அடுக்கியிருந்தது. நிரூபணம் பெரும்பாலும் இல்லை, இருந்தால் ஒரு குறிப்பு மட்டும். மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்வதற்காக வாங்கினார்கள். ராமானுஜனோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். காகிதம் விலை அதிகம், ஆகையால் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடியும் எழுதினார். வழிகாட்டி நூல் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை மூடி வைத்துவிட்டுத் தானே போட்டுப் பார்ப்பவனுக்கும், திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

(இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். ராமானுஜன் 1913ஆம் ஆண்டு சனவரியில் கடிதம் எழுதிய ஹார்டி துரை, அந்த டிரைபாஸ் பரீட்சையில் நான்காம் இடம் பெற்றவர். இருந்தும் அப்பரீட்சை முறையை அவர் வெறுத்தார். தேறியவர்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிடும் வழக்கம் 1909ஆம் ஆண்டோடு நின்றதில் அவருக்கும் பங்கு உண்டு. ஊரே மெச்சும் முதல் வரிசைக்காரர்கள்கூடப் பரீட்சையைப் பற்றி உயர்வாக நினைப்பதில்லை என்பதை நம் முதல் மதிப்பெண் பித்துக் கொண்ட தந்தையர் கவனிக்க வேண்டும்.)

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் பிள்ளைகளுக்குக் கணக்கு கடினமாக இருப்பதற்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு காரணம் நமக்கு உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது மொழி. தந்தையார் சேலத்திலோ தருமபுரியிலோ தமிழில் படித்தவர். பிள்ளை இங்கே கன்னடத்தில் படிக்கிறது, அல்லது ஆங்கிலத்தில் படிக்கிறது. மாலையில் டியூஷனுக்குப் போனால் அங்கே கொடுக்கும் குறிப்புகள் இன்னொரு மொழியில் இருக்கின்றன. தந்தை 'இருபடிச் சமன்பாடு' என்கிறார். பிள்ளைக்கு அது 'வர்க சமீகரண', அல்லது 'குவாட்ரடிக் ஈக்குவேஷன்'. தந்தை 'தொடுகோடு' என்றால் பிள்ளை விழிக்கிறது. அதற்கு 'ஸ்பர்ஷக'தான் தெரியும். கூட்டுத் தொடர் அங்கே 'சமாந்தர ஷ்ரேடி'. நிகழ்தகவு 'சம்பவனீயதெ'. பல்லுறுப்புக் கோவை 'பஹுபதோக்தி'. ஆரம் 'திரிஜ்ய', விட்டம் 'வ்யாஸ'. தந்தைக்கு விடை தெரியும், பிள்ளைக்கும் பாதி தெரியும், ஆனால் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இருவருக்கும் தெரியாது! ஐந்து நிமிடத்தில் தந்தைக்குக் கோபம் வருகிறது, பிள்ளைக்குக் கண்ணீர் வருகிறது, தாயார் புத்தகத்தை மூடச் சொல்கிறார். இது எத்தனை வீடுகளில் நடக்கிற நாடகம் என்பதை இங்கே கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து மிக எளிது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று சொற்களை எழுத வேண்டும். பாடம் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் வராது. எழுதத் தொடங்கினால் வியப்பாக இருக்கும். சராசரி இரண்டிலும் சராசரிதான். வர்க்கமும் வர்க்கமூலமும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. லாபமும் நஷ்டமும் இரு மொழிக்கும் பொதுவான சொத்து. நம்மைப் பிரித்தது ஒரு மெல்லிய திரைதான் என்பது தந்தைக்கும் பிள்ளைக்கும் அப்போது விளங்கும். அந்த நோட்டைத் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கடையில் விற்கும் அகராதியை வாங்கிக் கொடுத்தால் அந்தப் பயன் வராது.

சந்தையில் பூ விற்கும் ஒரு குடும்பத்தின் பெண், 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் கணக்கில் மட்டும் தவறினாள். அவ்வாண்டு முதல் கர்நாடக வாரியம் ஒரே கல்வியாண்டில் மூன்று பரீட்சைகளை நடத்தத் தொடங்கியிருந்தது. முதல் பரீட்சையில் தவறினால் ஜூனில் இரண்டாம் பரீட்சை, அதிலும் தவறினால் ஆகஸ்டில் மூன்றாம் பரீட்சை. மூன்றில் எதில் மதிப்பெண் அதிகமோ அதுவே நிலைக்கும். அவ்வாண்டு தேர்வு மையங்களில் காமிராக்களை வைத்துக் கண்காணித்ததில் மாநிலம் முழுவதும் தேர்ச்சி வீதம் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ பத்துப் புள்ளி சரிந்தது. கருணை மதிப்பெண் கொடுத்தும் அந்த நிலை. ஆகவே தவறியவள் அவள் ஒருத்தி அல்லள். ஆனால் வீட்டில் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? "இனி இவள் பூக்கட்ட வரட்டும்" என்று பேச்சு எழுந்துவிட்டது. பூக்கட்டுவது இழிவான தொழில் என்று நான் சொல்லவில்லை. அவள் விருப்பம் அதுவாக இருந்தால் வாழ்த்துவேன். அவள் விருப்பமோ காலேஜில் சேர்வது.

நம் சங்கத்தின் அறையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுடன் உட்காரும் வழக்கம் எனக்கு உண்டு. அவளுடைய தாயார் அங்கே அழைத்து வந்தார். "அண்ணா, இவளுக்கு மண்டையில் ஏறவில்லை, பாருங்கள்" என்றார். நான் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, "விடை எழுத வேண்டாம் அம்மா, ஒவ்வொரு கணக்கும் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது, எந்த முறையில் போட வேண்டும் என்று மட்டும் பக்கத்தில் எழுது" என்றேன். 38 கணக்கில் 11 கணக்குக்குத்தான் அவளால் முறையைச் சொல்ல முடிந்தது. பிறகு அதே தாளில் அவளால் சொல்ல முடியாத கணக்கு ஒன்றைக் காட்டி, "இது வர்க சமீகரண" என்று நான் சொல்லிவிட்டவுடன் மளமளவென்று போட்டாள்! போடும் திறமை இருந்தது. எதைப் போடுவது என்று தேரும் திறமை இல்லை. அந்தத் திறமையை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. பாடப் புத்தகத்தில் பாடத்தின் தலைப்பு மேலேயே இருக்கிறது, அதன் கீழ் இருபது கணக்கும் ஒரே முறையில் போடுபவை. பரீட்சைத் தாளில் அந்தத் தலைப்பு இல்லை. குழந்தை தலைப்பைத் தேடித் தவிக்கிறது.

இது என் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2007ஆம் ஆண்டில் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காணக் கற்பித்தார்கள். ஒரு சாரார் ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனார்கள். மற்றொரு சாரார் நான்கையும் கலந்து போட்டார்கள். பயிற்சியின்போது முதல் சாராரே கெட்டிக்காரர்களாகத் தோன்றினார்கள். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தபோது, கலந்து போட்டவர்கள் நூற்றுக்கு 63 பெற்றார்கள். வரிசையாகப் போட்டவர்கள் 20தான் பெற்றார்கள். சிரமப்பட்டுக் கற்பது நிலைக்கிறது, எளிதாகக் கற்பது கரைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது இதுதான். அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கை எழுதி, சீட்டுக்கட்டைப் போலக் குலுக்கினேன். தினமும் எட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். முதலில் முறையைச் சொல்ல வேண்டும், பிறகு போட வேண்டும். தவறிய சீட்டு மறுநாள் கட்டில் மீண்டும் சேரும். சரியான சீட்டு ஒரு வாரம் கழித்து மீண்டும் வரும். அவளுடைய தம்பிக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது, குலுக்குகிற உரிமையை அவன் எடுத்துக்கொண்டான். ஐந்து வாரம் இவ்வாறு நடந்தது. ஜூன் மாதப் பரீட்சையில் அவள் தேறினாள். பிரமாதமான மதிப்பெண் என்று சொல்ல மாட்டேன், தேறினாள். முன்பு பெங்களூருக்குப் போன பையனின் நினைவு அன்று எனக்கு வந்தது. அவன் தவறிய காலத்தில் இந்த ஏற்பாடு இல்லை. மறுமுறை எழுத வாய்ப்பு அப்போதும் இருந்தது. எழுத விடாமல் வேலைக்கு அனுப்பியவர்கள் அவன் வீட்டார்தாம்.

வினாத்தாளின் அமைப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தாளில் 80 மதிப்பெண்ணுக்கு 38 வினாக்கள். மீதி 20 மதிப்பெண் பள்ளியிலேயே இடப்படுவது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 16, இரண்டு மதிப்பெண் 8, மூன்று மதிப்பெண் 9, நான்கு மதிப்பெண் 4, ஐந்து மதிப்பெண் 1. நேரம் மூன்று மணி பதினைந்து நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் தாளைப் படிப்பதற்கு. வாரியம் இத்திட்டத்தை அவ்வப்போது மாற்றுவதுண்டு. எழுதப் போகும் ஆண்டின் மாதிரித் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனினும் கணக்கின் போக்கு மாறாது. 180 நிமிடத்தை 80 மதிப்பெண்ணால் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டேகால் நிமிடம். அப்படியானால் 16 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 36 நிமிடம் பங்கு வருகிறது. பயின்ற பிள்ளை அவற்றை இருபது நிமிடத்தில் முடிக்கும். மிஞ்சிய பதினாறு நிமிடமும் கடைசியில் சரிபார்க்கக் கிடைத்த மூலதனம். ஒன்று, இரண்டு மதிப்பெண் வினாக்கள் மட்டுமே சேர்ந்து 32 மதிப்பெண் ஆகின்றன என்பதைப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்கள். மலையாகத் தோன்றிய தாள் பாதியாகக் குறுகிப்போகும்.

நான் ரயில்வேக்காரன் ஆகையால் ரயில் கணக்கு ஒன்று சொல்லாமல் போனால் என் சகாக்கள் கோபித்துக்கொள்வார்கள். மைசூரிலிருந்து பெங்களூருக்கு, கணக்குக்கு வசதியாக, 140 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பிரஸ் வண்டி பாசஞ்சர் வண்டியைவிட மணிக்கு 30 கிலோமீட்டர் அதிக வேகத்தில் போய், ஒன்றரை மணி முன்னதாகச் சேர்கிறது. பாசஞ்சரின் வேகம் என்ன? பாசஞ்சரின் வேகத்தை 'எக்ஸ்' என்று வைத்தால், 140ஐ எக்ஸால் வகுத்து வரும் நேரத்திலிருந்து, 140ஐ எக்ஸ் கூட்டல் 30ஆல் வகுத்து வரும் நேரத்தைக் கழித்தால் ஒன்றரை வரும். பின்னத்தை நீக்கிச் சுருக்கினால், எக்ஸ் வர்க்கம் கூட்டல் 30 எக்ஸ் கழித்தல் 2800 சமம் பூச்சியம். காரணிப்படுத்தினால் எக்ஸ் 40, அல்லது கழித்தல் 70. வேகம் எதிர்மறையாக இராது, ஆகையால் 40. பாசஞ்சருக்கு மூன்றரை மணி, எக்ஸ்பிரஸுக்கு இரண்டு மணி. சரிபார்த்தாயிற்று.

இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை இரண்டு. சமன்பாட்டைச் சரியாக அமைத்துவிட்டால், பின்னால் பெருக்கலில் பிசகினாலும் அமைத்ததற்குரிய மதிப்பெண் போகாது. படிப்படியாக எழுதியவனுக்குப் படிக்குப் படி கூலி உண்டு, விடையை மட்டும் எழுதியவனுக்கு விடை பிசகினால் எதுவும் இல்லை. மற்றொன்று, நாம் தள்ளிவிட்ட அந்தக் கழித்தல் 70 இருக்கிறதே, அதைச் சற்று உற்றுப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் வண்டியின் வேகம் மணிக்கு 70! குறியை மாற்றிக்கொண்டு அதுவே வந்து நிற்கிறது. ஏன் அப்படி என்று வீட்டுக்குப் போய் யோசிக்கும் பிள்ளைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மைசூர்ப்பாகு வாங்கித் தருகிறேன். பரீட்சைக்கு இது வேண்டாம். ஆனால் கணக்கில் சுவை பிறப்பது இத்தகைய இடங்களில்தான்.

திரிகோணமிதிக்கு அஞ்சுகிற பிள்ளைகளை வெள்ளிவிழா மணிக்கூண்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவர்களின் வெள்ளிவிழா நினைவாக 1927ஆம் ஆண்டில் எழுந்தது அது. உயரம் 75 அடி என்பார்கள். ஒரு கோணமானியின் நடுவில் நூலைக் கட்டி ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டால் கருவி தயார். பையனின் கண் மட்டம் ஐந்தடி என்றால் அவன் அளக்க வேண்டிய உயரம் 70 அடி. உச்சி 45 பாகையில் தெரியும் இடத்தில் நின்றால் கூண்டிலிருந்து அவனுக்குள்ள தூரமும் 70 அடிதான். பின்னால் நகர்ந்து 30 பாகையில் தெரியும் இடத்துக்குப் போனால் 70ஐ 1.732ஆல் பெருக்க, ஏறத்தாழ 121 அடி. அடியடியாக நடந்து அளக்கட்டும். ஓரிரண்டு அடி முன்பின் வந்தால் அதற்கும் காரணம் தேடட்டும். காலை ஆறு மணிக்குப் போங்கள், பிறகு போனால் வாகனங்கள் நிற்க விடா. ஒரு நாள் இப்படி நின்று பார்த்த பிள்ளைக்கு 'டான்' என்பது வெறும் ஓசையாக இராது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "எனக்குக் கணக்கு வராது, அதனால்தான் இவளுக்கும் வரவில்லை" என்று பிள்ளையின் எதிரில் சொல்லாதீர்கள். தேவராஜா மார்க்கெட்டில் முழம் என்ன விலை, நாலு முழம் வாங்கினால் எவ்வளவு குறைப்பாய் என்று நொடியில் கணக்கிட்டுப் பேரம் பேசுகிறவர் நீங்கள். சீட்டுப் பணத்தில் தள்ளுபடி போக யாருக்கு என்ன பங்கு என்று விரல் நுனியில் வைத்திருக்கிறவர் நீங்கள். உங்களுக்கு எப்படிக் கணக்கு வராமல் போகும்? தாளில் எழுதும் முறை ஒன்றே உங்களுக்குப் பழக்கமில்லை. பிள்ளை கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குப் புரியும்படி சொல் பார்க்கலாம்" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் பிள்ளைக்குத் தெரியும், சொல்ல முடியாவிட்டால் எங்கே தடுக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். டியூஷனுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அப்போதே மிச்சம்.

டியூஷன் வேண்டவே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. நல்ல உபாத்தியாயர் கிடைத்தால் அது பாக்கியம். சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி. கே. சீனிவாசன் என்று ஒரு கணக்கு உபாத்தியாயர் இருந்தார். காகிதத்தை மடித்தும் கிழித்தும் கணிதம் கற்பித்தவர். ராமானுஜனுடைய கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தேடித் திரட்டி 1968ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவரும் அவரே. அத்தகையவர் ஒருவர் ஊருக்கு இருந்தால் பிள்ளைகளை விரட்ட வேண்டியதில்லை, தாமே ஓடுவார்கள். ஆனால் நாற்பது பிள்ளைகளை ஒரு கூடத்தில் அடைத்து, எழுதிய குறிப்பைப் பார்த்து எழுத வைக்கும் இடத்துக்கு டியூஷன் என்று பெயர் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

பரீட்சைக்கு முந்திய நாளைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். அன்று புதிய கணக்கு எதுவும் வேண்டாம். சூத்திரங்களைப் புத்தகத்தைப் பாராமல் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, விட்டுப்போனதை மட்டும் படித்தால் போதும். இரவு உறங்கட்டும். முடிவு வந்த பின் மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால், விடைத்தாளின் நகலைப் பெறவும், மறு கூட்டலுக்கும் மறு மதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கவும் வாரியத்தில் வழி உண்டு. அதற்குக் கெடுநாள் சில தினங்களே இருக்கும். அழுது தீர்ப்பதற்குள் அது கடந்துவிடும், ஆகையால் முதலில் விண்ணப்பியுங்கள்.

தவறிவிட்டால்? பெற்றோரே, அன்று இரவு ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். வேலைக்கு அனுப்புவது, கல்யாணம் பேசுவது முதலிய யோசனைகள் எல்லாம் அவ்வாண்டின் எல்லாப் பரீட்சைகளும் முடியும் வரை காத்திருக்கட்டும். இந்த ஒரு வாக்குறுதியை இச்சபையில் உள்ள குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவரும் எனக்குத் தர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கத்தின் அறை செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மாலை ஆறரை மணிக்குத் திறந்திருக்கும். எனக்கு இரவு முறை வேலை வரும் வாரங்களில் நம் அன்பர்களில் ஒருவர் வந்து திறப்பார். பழைய வினாத்தாள்கள் அலமாரியின் இரண்டாம் தட்டில் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. எடுத்துக்கொண்டு போகலாம், திருப்பி வைக்க வேண்டும். சீட்டுக்கட்டு இரண்டு இருக்கிறது. மூன்றாவது கட்டை இவ்வாண்டு எழுதப் போகும் பிள்ளைகளே எழுதட்டும் என்று அட்டைகளை வெறுமையாக வெட்டி வைத்திருக்கிறேன். கட்டணம் எதுவும் கிடையாது. வரும்போது அந்த மூன்று பத்தி நோட்டையும், தந்தையாரையும் அழைத்து வாருங்கள்.